இருக்கும்போதே ஈந்தவர்: பி. எஸ். குமாரசாமி ராஜா

கழுகுமலைப் பாறையில் வரிசை வரிசையாக அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரர் திருவுருவங்களைத் தரிசிக்கச் செல்லும் நம் அன்பர்கள், அங்கிருந்து சற்று வடமேற்காகப் பயணம் செய்தால் இராஜபாளையத்தை அடையலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், மாந்தோப்புகளும் பஞ்சாலைகளும் சூழ அமைந்த ஊர் அது. அதற்கு வடகிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில் ஸ்ரீவில்லிபுத்தூர் உள்ளது. இவ்விரண்டும் நம் சமயத்தின் யாத்திரைத் தலங்கள் அல்ல. ஆயினும் கொல்லாமையையும் மிகுபொருள் விரும்பாமையையும் நோன்பாகக் கொண்ட நாம் நினைத்துப் பார்க்க வேண்டிய ஒருவருடைய வாழ்வு இவ்விரு ஊர்களையும் தொட்டு நிகழ்ந்திருக்கிறது. சென்னை இராஜ்யத்தின் முதலமைச்சராக விளங்கிய பி. எஸ். குமாரசாமி ராஜா அவர்களே அவர். அவர் பிறப்பால் ஜைனர் அல்லர். நம் ஆகமங்களைக் கற்றவர் என்று சொல்வதற்கும் இல்லை. இருப்பினும் காலத்தைக் குறித்து நம் ஆசாரியர்கள் வகுத்துத் தந்த உண்மை ஒன்றை அவருடைய வாழ்க்கையை வைத்துக்கொண்டு விளக்குவது எளிது.

அவ்வுண்மையை முதலில் சொல்லிவிடுதல் நலம். காலத்தின் மிகச் சிறிய கூற்றை, அதற்கு மேல் பகுக்க இயலாத கூற்றை, ஆகமங்கள் சமயம் என்னும் பெயரால் வழங்குகின்றன. ஒருமுறை கண் இமைப்பதற்குள் எண்ணற்ற சமயங்கள் கழிந்து போகின்றன. ஒவ்வொரு சமயத்திலும் உயிரை நோக்கிப் புதுவினை ஊறி வருகிறது. ஒவ்வொரு சமயத்திலும் பழவினை பயன் தந்து உதிர்கிறது. இவ்வரவும் செலவும் நிகழும் இடம் நிகழ்காலம் ஒன்றே. நேற்றைய நாளில் எவரும் இன்று வினையைச் செய்ய இயலாது; நாளைய நாளில் இன்றே வினையை அறுக்கவும் இயலாது.

இதனினும் அச்சம் தரும் செய்தி ஒன்று உண்டு. அடுத்த பிறவியின் ஆயுளை உறுதி செய்யும் ஆயுள் வினை எக்காலத்தும் கட்டப்படுவதன்று. வாழ்நாளில் மூன்றில் இரண்டு பங்கு கழிந்தபின் அது கட்டப்படும் வாய்ப்பு வருகிறது. அப்போது கட்டப்படாவிடில் எஞ்சிய காலத்தில் மூன்றில் இரண்டு பங்கு கழிந்தபின் மீண்டும் வருகிறது. இவ்வாறு எட்டு முறை வரக்கூடும் என்பர். 81 ஆண்டு வாழ இருப்பவருக்கு முதல் வாய்ப்பு 54ஆம் வயதிலும், அடுத்தது 72ஆம் வயதிலும், அதற்கடுத்தது 78ஆம் வயதிலும் வரும் என்று நம் வீடுகளில் பெரியவர்கள் கணக்கிட்டுக் காட்டுவதுண்டு. ஆனால் தமக்கு வாழ்நாள் எத்தனை என்பதை அறிந்தவர் யார்? அறியாத காரணத்தால் எந்தக் கணமும் அந்தக் கணமாக இருக்கலாம். சோர்வின்றி இருத்தல், அதாவது அப்பிரமாதம், நம் சமயத்தில் இத்துணை வற்புறுத்தப்படுவது இதனால்தான். தம் முதல் கணதரராகிய கௌதமருக்குப் பகவான் மகாவீரர் அறிவுறுத்தியதாகச் சுவேதாம்பர ஆகமத்தில் ஒரு பகுதி முழுவதும் இப்பொருள் பற்றியே அமைந்துள்ளது. பொன்னூர் மலையோடு சேர்த்து நாம் போற்றும் குந்தகுந்த ஆசாரியர், சமயசாரத்தில் கழிந்ததற்குப் பிரதிக்கிரமணமும், வருவதற்குப் பிரத்தியாக்கியானமும், நிகழ்வதற்கு ஆலோசனையும் என முக்காலத்துக்கும் மூன்று கடமைகளை வகுத்தருளினார். இம்மூன்றையும் செய்வதற்குரிய நேரம் எது என்று பார்த்தால், மூன்றும் இப்போதே செய்ய வேண்டியவையாக இருக்கின்றன.

இனி வாழ்க்கைக்கு வருவோம்.

இராஜபாளையத்து ராஜாக்கள் முன்னாளில் ஆந்திர நாட்டிலிருந்து தெற்கே வந்து குடியேறியவர்கள். இல்லத்தில் தெலுங்கும் வெளியில் தமிழும் வழங்குபவர்கள். அக்குலத்தில் பூசபாடி குடும்பத்தில் சஞ்சீவி ராஜாவின் மகனாக 1898 ஜூலை 8ஆம் நாள் குமாரசாமி பிறந்தார். பிறந்த சில நாள்களிலேயே தாயை இழந்தார். மழலைப் பருவம் தாண்டுமுன் தந்தையையும் இழந்தார். செல்வம் இருந்தது, அதைத் தந்தவர்கள் இல்லை. தாயின் முகத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் பேறுகூட இல்லாத பிள்ளைக்கு நிலையாமையைப் பற்றித் தனியே பாடம் தேவைப்பட்டிராது என்று எண்ணத் தோன்றுகிறது. ஆனால் இது நம் ஊகமே. பெற்றோரை இழந்த செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பலர் அச்செல்வத்தையே தாயும் தந்தையுமாகப் பற்றிக்கொண்டு வாழ்ந்ததையும் நாம் கண்டிருக்கிறோம்.

அந்நாளில் இராஜபாளையம் ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாவில் அடங்கியிருந்தது. அரசாங்கக் காரியம் எதுவாயினும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கே செல்ல வேண்டும். அவ்வூரின் பெருமை ஆண்டாள் கோயிலும் அதன் வானளாவிய கோபுரமும். வைணவப் பெரியாராகிய பெரியாழ்வார் அங்கே நந்தவனம் அமைத்து நாள்தோறும் மாலை கட்டிச் சாத்தி வந்ததையே தம் வாழ்நாள் தொண்டாகக் கொண்டிருந்தார் என்பது அவர்களுடைய வரலாறு. பாண்டியன் அவையில் வாதத்தில் வென்று பொற்கிழி பெற்று, யானைமீது ஊர்வலம் வந்த பின்னரும் அவர் மீண்டும் அந்த நந்தவனத்துக்கே திரும்பினார் என்று அவர்கள் போற்றுகின்றனர். வழிபாட்டு நெறியில் நமக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாடு தெரிந்ததே. ஆனால் இம்மாலைத் தொண்டில் ஓர் அரிய கருத்து இருக்கிறது. பொன்னால் செய்த அணியை ஒருமுறை அளித்துவிட்டு ஓய்ந்திருக்கலாம். பூமாலை அப்படியன்று. நேற்றுக் கட்டியது இன்றைக்கு ஆகாது. நாளைக்கு வேண்டியதை இன்றே கட்டி வைக்கவும் முடியாது. அந்தந்த நாளின் மாலையை அந்தந்த நாளில்தான் கட்ட வேண்டும். அவ்வூரின் காற்றை உண்டு வளர்ந்தவர்களுக்கு இக்கருத்து சொல்லாமலே விளங்கியிருக்கும்.

இளமைப் பருவத்தில் குமாரசாமி ராஜாவின் உள்ளத்தைக் கவர்ந்தவர்கள் அன்னி பெசன்ட் அம்மையார், சீனிவாச சாஸ்திரியார், சத்தியமூர்த்தி ஆகியோர். பின்னர் காந்தியடிகளின் நெறி அவரை முழுவதுமாக ஆட்கொண்டது. 1927 அக்டோபரில், கதர் நிதிக்காகத் தமிழகம் முழுவதும் சுற்றுப்பயணம் மேற்கொண்ட அடிகள் இராஜபாளையத்துக்கும் வந்தார்.

இந்த இடத்தில் கதையைச் சற்று நிறுத்தி, காந்தியடிகளுக்கு இந்நெறியைத் தம் வாழ்வால் காட்டியவர் யார் என்பதை நாம் நினைவுகூர வேண்டும். அவர் நம்மவர். 1891 ஜூலையில் இங்கிலாந்திலிருந்து பாரிஸ்டராகத் திரும்பி வந்து பம்பாயில் இறங்கிய அன்றே காந்தியடிகள் ஸ்ரீமத் ராஜசந்திரரைச் சந்தித்தார். அப்போது அடிகளுக்கு வயது 21; ராஜசந்திரருக்கு 23. ஒரே அமர்வில் நூறு செய்திகளில் கவனம் செலுத்தும் சதாவதானக் கலையில் பம்பாயில் பெரும்புகழ் பெற்ற ராஜசந்திரர், அப்புகழ் ஆன்ம முன்னேற்றத்துக்குத் தடை எனக் கண்டு அதைக் கைவிட்டவர். முத்தும் வைரமும் விற்கும் வணிகர் அவர். இலட்சக்கணக்கான ரூபாய் வியாபாரம் அவர் கையில் நடந்தது. கணக்கில் பிழை கிடையாது. கல்லின் தரம் காண்பதில் தவறு கிடையாது. ஆயின் வணிகப் பேச்சு முடிந்த அந்தக் கணத்திலேயே அருகிலிருக்கும் தர்ம நூலையோ தம் சிந்தனைகளை எழுதும் ஏட்டையோ திறந்துவிடுவார். வியாபாரத்தின் சாயல் அதன்பின் அவர் முகத்தில் இராது. இதனைப் பலமுறை அருகிருந்து கண்டு வியந்த காந்தியடிகள் தம் சுயசரிதையில் இதற்கென ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கினார். டால்ஸ்டாய், ரஸ்கின் ஆகிய இருவரோடு ராஜசந்திரரையும் தம் வாழ்வை உருவாக்கிய மூவருள் வைத்து எண்ணினார். 1901இல், 33ஆம் வயதில், ராஜசந்திரர் மறைந்தார்.

துறவு பூண்டவர் கணந்தோறும் விழிப்புடன் இருத்தல் இயல்பு. கடைவீதியில் அமர்ந்த ஓர் இல்லறத்தார் அவ்வாறு இருந்து காட்டியதே அடிகளை ஈர்த்தது. அடிகளிடமிருந்து அந்த ஒழுங்கு அவருடைய தொண்டர்களுக்குச் சென்றது. இராட்டையின் முன் அமரும்போது நூற்பதும், பிரார்த்தனை வேளையில் பிரார்த்தனையும், சிறைக்கதவு திறந்தால் சிறையும் என்று அந்தந்த வேளையில் அந்தந்தக் கடமையில் நிற்கும் பழக்கம் அவர்களிடையே வேரூன்றியது. எல்லாத் தொண்டர்களிடமும் அது ஊன்றியது என்று சொல்ல முடியாது. சிலரிடம் கதராடை மட்டுமே தங்கியது.

குமாரசாமி ராஜா உள்ளூர்ப் பொதுப்பணியில் தொடங்கினார். 1934இல் மத்திய சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றார். 1946இல் ஆந்திரகேசரி பிரகாசம் தலைமையில் அமைந்த மந்திரிசபையில் இடம் பெற்றார். அதன்பின் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் பதவி விலகியதைத் தொடர்ந்து, 1949 ஏப்ரலில், சென்னை இராஜ்யத்தின் ஆட்சித் தலைமை அவரிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது 50. அன்றைய சென்னை இராஜ்யம் இன்றைய தமிழ்நாடு மட்டுமன்று. கடலோர ஆந்திரமும் இராயலசீமையும், மலபாரும், தென்கன்னடமும் சேர்ந்த பெருநிலம் அது. நான்கு மொழி பேசும் மக்களுக்கு ஒரே சட்டசபை. தெலுங்கைத் தாய்மொழியாகவும் தமிழை ஊர்மொழியாகவும் கொண்ட ஒருவர் அத்தலைமைக்கு வந்தது பொருத்தமே. 1950 ஜனவரி 26ஆம் நாள் அரசியல் சாசனம் நடைமுறைக்கு வந்தபோது பதவியின் பெயரும் மாறி அவர் முதலமைச்சர் ஆனார்.

அந்த 1950ஆம் ஆண்டைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. நம் சமயத்தவர்க்கு அவர் நினைவில் நிற்க வேண்டிய காரணம் அவ்வாண்டில்தான் இருக்கிறது. அவரைப் பற்றி எழுதக் கூசும் செய்தியும் அவ்வாண்டில்தான் இருக்கிறது.

முதலில் நற்செய்தியைச் சொல்வோம். கோயில்களிலும் அவற்றின் சுற்றுப்புறத்திலும் தெய்வத்தின் பெயரால் ஆடு, கோழி முதலிய உயிர்களைப் பலியிடுதலைத் தடை செய்து, விலங்கு பறவைகள் பலித் தடைச் சட்டம் 1950இல் அவருடைய ஆட்சியில் இயற்றப்பட்டது. அவ்வாண்டின் 32ஆவது சட்டம் அது. வேள்விக் கொலையையும் பலிக் கொலையையும் மறுத்து ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் குரல் கொடுத்து வந்த சமயம் நம்முடையது. யசோதர காவியம் போன்ற தமிழ் நூல்கள் மாவினால் செய்த கோழியைப் பலியிட்டதற்கும் வந்த வினையைப் பேசுகின்றன. அந்நீண்ட முறையீட்டுக்கு ஓர் அரசாங்கம் செவி சாய்த்ததென்றால் அது எளிய நிகழ்ச்சியன்று. சட்டம் பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது என்பதும் உண்மையே. 2003இல் அதனைக் கண்டிப்புடன் செயற்படுத்த அரசு முனைந்தபோது எதிர்ப்பு எழுந்தது. 2004இல் சட்டமே விலக்கிக்கொள்ளப்பட்டது. 54 ஆண்டுகள் ஏட்டில் வாழ்ந்த சட்டம், உயிர் பெற்று எழ முயன்ற உடனே மறைந்தது.

இனி மற்றொன்று. அவ்வாண்டு பிப்ரவரி 11ஆம் நாள், சாசனம் நடைமுறைக்கு வந்து 16 நாள்களே ஆன நிலையில், சேலம் மத்திய சிறையில் அடைக்கப்பட்டிருந்த கம்யூனிஸ்டுக் கைதிகள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 22 பேர் மாண்டனர். காயமுற்றோர் பலர். மாண்டவர்களுள் பெரும்பாலோர் மலபாரைச் சேர்ந்த உழவர்கள். கம்யூனிஸ்டுக் கட்சி அப்போது சென்னை இராஜ்யத்தில் தடை செய்யப்பட்டிருந்தது. கைதிகளுக்கும் சிறைக் காவலர்களுக்கும் இடையே மூண்ட மோதலே காரணம் எனப்பட்டது. அதன் அரசியலுக்குள் நாம் புக வேண்டியதில்லை. சுவர்களுக்குள் அடைபட்டிருந்த மனிதர் 22 பேர் அரசாங்கத்தின் குண்டுகளால் இறந்தனர் என்பது மட்டும் நமக்குப் போதும். குமாரசாமி ராஜா அங்கே இல்லை. ஆணையிட்டவர் அவர் என்றும் நாம் சொல்லவில்லை. ஆனால் ஆட்சியின் தலைவர் அவரே.

அவரைப் புகழ்ந்து எழுதுவோர் இச்செய்தியை விட்டுவிடுவது வழக்கம். அவரை இகழ்ந்து எழுதுவோர் பலித் தடைச் சட்டத்தை விட்டுவிடுவர். நம் நெறி அதற்கு இடம் தராது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூவகையாலும், மனம், மொழி, மெய் என மூன்று வாயிலாலும் வினை ஊறும் என்று கற்ற நாம், ஒருவர் கணக்கில் வரவை மட்டும் எழுதிச் செலவை மறைக்கலாகாது. ஒரே மனிதரின் ஆட்சியில், ஒரே ஆண்டில், ஆட்டுக்கும் கோழிக்கும் அபயம் அளிக்கும் சட்டமும் பிறந்தது. மனித உயிர்களும் மாய்ந்தன. முன்னது பின்னதைக் கழித்துவிடாது. பின்னது முன்னதைப் பொய்யாக்கிவிடாது. பிப்ரவரி மாதத்துக் கணமொன்றில் தவறியதை வேறொரு மாதத்தில் இயற்றிய சட்டத்தால் நேர் செய்ய இயலாது. கழிந்ததற்கு உரியது பிரதிக்கிரமணம் ஒன்றே. அதனை அவர் தம் உள்ளத்துள் செய்தாரா என்பது அவருக்கும் அவருடைய உயிருக்கும் இடையே உள்ள செய்தி.

பதவிக்காலத்தில் நடந்த பிறவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஜமீன் ஒழிப்புச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் பணியும், ஓமந்தூரார் காலத்தில் இராஜ்யம் முழுவதும் பரவிய மதுவிலக்கைக் காக்கும் பணியும் அவருக்கு வாய்த்தன. 1951இல் இந்து சமய அறநிலையச் சட்டம் நிறைவேறியது. வகுப்புவாரி ஆணை நீதிமன்றத்தில் தோற்றது. அதன் விளைவாக அரசியல் சாசனமே முதல் முறையாகத் திருத்தப்பட்டது. மழை பொய்த்தது, உணவுப் பங்கீடு மக்களை வாட்டியது, ஆந்திர மாகாணக் கோரிக்கை வலுத்தது. ஆள்பவர்மீது மக்களுக்குச் சலிப்பு உண்டாயிற்று.

அச்சலிப்பின் விளைவு 1952இல் தெரிந்தது. சுதந்திர பாரதத்தின் முதற் பொதுத்தேர்தல் அது. வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை. சென்னைச் சட்டசபையின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152 மட்டுமே. அமைச்சர்கள் சிலர் தோற்றனர். முதலமைச்சரும் தோற்றார். அவர் நின்றது ஏதோ ஒரு தொலைதூரத் தொகுதியில் அன்று, ஸ்ரீவில்லிபுத்தூரில். இளமை முதல் அவர் அறிந்த மண்ணில், அவரை அறிந்த மக்களிடையே. அரசின் இலச்சினையில் உள்ள கோபுரம் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரமே என்று பலரும் கூறுவர். (அதை வரைந்த ஓவியர் மதுரைக் கோபுரத்தை மனத்தில் கொண்டே வரைந்தார் என்று கூறுவோரும் உளர்.) முன்னையோர் கூற்றே சரியெனில், அவர் மூன்றாண்டுகள் கையொப்பமிட்ட தாள்களின் தலைப்பில் எந்தக் கோபுரம் இருந்ததோ, அதன் நிழலில் வாழ்ந்த மக்களே அவரை வீட்டுக்கு அனுப்பினர். அவ்வாண்டு ஏப்ரலில் ராஜாஜி முதலமைச்சரானார்.

தோல்வி என்பது பதவி வகித்தவர்களுக்கு ஒரு பெருஞ்சோதனை. தோற்றவர்கள் பெரும்பாலும் இரண்டு காலங்களுள் ஒன்றில் குடியேறிவிடுவர். சிலர் இறந்தகாலத்தில் வாழத் தொடங்குவர். தாம் ஆண்ட நாள்களையே பேசிப் பேசி, கேட்பவர் எழுந்து சென்ற பின்னும் பேசிக்கொண்டிருப்பர். வேறு சிலர் எதிர்காலத்தில் குடியேறுவர். அடுத்த தேர்தலில் எவரை எவ்வாறு வீழ்த்துவது என்ற சூழ்ச்சியிலேயே இரவைப் பகலாக்குவர். இரண்டுமே ஆர்த்தத் தியானத்தின் பாற்பட்டவை. போனதை நினைந்து வருந்துவதும், வராததை வேண்டி ஏங்குவதும் அத்தியானத்தின் வகைகளே என்று நம் நூல்கள் கூறும். வணிகம் நொடித்துப்போன நம் குடும்பங்கள் சிலவற்றிலும் இதைக் காண்கிறோம். இழந்த கடையைப் பற்றிய பேச்சிலேயே எஞ்சிய முப்பது ஆண்டுகளும் கழிந்துவிடுகின்றன. குடும்பத்துப் பிள்ளைகள் தாம் காணாத ஒரு கடையின் நிழலிலேயே வளர்கின்றனர்.

குமாரசாமி ராஜாவின் வாழ்வில் இதற்கு அடையாளம் இல்லை. 1954இல் அவர் ஒரிசா மாநிலத்தின் ஆளுநராக நியமிக்கப்பட்டார். முதலமைச்சராய் ஆணையிட்டவருக்கு ஆளுநர் பதவி என்பது பெரும்பாலும் பிறர் எழுதிய உரையைப் படித்து, பிறர் எடுத்த முடிவில் கையொப்பமிடும் வேலை. அதனையும் இரண்டாண்டுகள் ஏற்றுச் செய்தார்.

அவர் சென்ற நாடு நமக்குப் புனித நாடு என்பதை அன்பர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். புவனேசுவரத்தை அடுத்த உதயகிரி, கண்டகிரிக் குன்றுகளில் ஜைன முனிவர்களுக்காகக் குடையப்பட்ட குகைகள் உள்ளன. அவற்றுள் ஹாத்திகும்பா என்னும் குகையின் நெற்றியில் கலிங்க மன்னன் காரவேலனின் கல்வெட்டு பொறிக்கப்பட்டிருக்கிறது. அருகரையும் சித்தரையும் வணங்கித் தொடங்கும் அக்கல்வெட்டு, முற்காலத்தில் மகத மன்னன் கவர்ந்து சென்ற கலிங்க ஜினரின் திருவுருவைக் காரவேலன் மீட்டு வந்த செய்தியையும், தமிழ் மன்னர்களின் கூட்டணியைப் பற்றிய செய்தியையும் தாங்கி நிற்கிறது. அதன் அமைப்பு கருதத்தக்கது. முதலாம் ஆட்சியாண்டில் இது செய்தான், இரண்டாம் ஆண்டில் இது செய்தான் என்று பதின்மூன்றாம் ஆண்டு வரை ஆண்டுதோறும் கணக்கு எழுதப்பட்டிருக்கிறது. இனிச் செய்யப்போவது என்று ஒரு சொல்லும் அதில் இல்லை. படைகளை நடத்தி நாடுகளை வென்ற அம்மன்னனின் கணக்கும் நாம் மேலே கண்ட கணக்கைப் போன்றதே. துறவிகளுக்குக் குகையும் அதில் உண்டு. போர்க்களத்துக் குருதியும் அதில் உண்டு.

1956இல் குமாரசாமி ராஜா ஆளுநர் பொறுப்பிலிருந்து விலகினார். 1957 மார்ச்சில் காலமானார். 59 வயது நிறையவில்லை.

அவர் வாழ்வின் தலையாய செயலாக நாம் கருதுவதை இதுவரை சொல்லாமல் வைத்திருந்தோம். இராஜபாளையத்தில் தமக்கு உரிமையாக இருந்த பெரிய இல்லத்தை அவர் பொதுமக்களுக்கு அளித்துவிட்டார். கலையும் கல்வியும் வளர்வதற்கான மன்றமாக அது ஆயிற்று. கொடை செய்தவர்கள் நம் நாட்டில் அநேகர். ஆனால் கொடையிலும் காலம் பார்க்க வேண்டும். தமக்குப்பின் இன்னாருக்கு என்று உயில் எழுதி வைப்பது ஒரு வகை. அதில் கொடுப்பவர் எதையும் இழப்பதில்லை. தம்மால் எடுத்துச் செல்ல முடியாததையே விட்டுச் செல்கிறார். கையிலிருக்கும்போதே, பயன்படும்போதே, அதன் கூடத்தில் நடந்து பழகிய கால்கள் இன்னும் நடக்கும்போதே கொடுப்பது மற்றொரு வகை. முன்னதில் பற்று மரணத்தால் அறுக்கப்படுகிறது. பின்னதில் பற்றைக் கொடுப்பவரே அறுக்கிறார். பொருள் வரைதல் என்னும் அணுவிரதத்தை ஏற்கும் சிராவகர் இவ்வளவுக்கு மேல் வேண்டேன் என்று இன்றைய நாளில்தான் எல்லை வகுக்கிறார். இறந்தபின் வேண்டேன் என்று எவரும் விரதம் ஏற்பதில்லை.

அதிலும் அவர் கொடுத்தது வீடு. நிலத்தைக் கொடுத்தல் எளிது. பணத்தைக் கொடுத்தல் அதனினும் எளிது. வீட்டில் நினைவுகள் தங்குகின்றன. பெற்றோரை மழலையிலேயே பறிகொடுத்த ஒருவருக்கு முன்னோர் வழி வந்த உடைமையும் அதன் சுவர்களுமே அவர்கள் இருந்ததற்குச் சான்று. அத்தகையவர் தம் வீட்டை ஊருக்குக் கொடுப்பது என்ன விலை கொடுத்துச் செய்த காரியம் என்பதைத் தம் வீட்டின் ஒரு திண்ணையை அண்டை வீட்டாருக்கு விட்டுக்கொடுக்க மனமின்றி நீதிமன்றம் ஏறி இறங்கும் நாம் எண்ணிப் பார்க்கலாம். (இதை எழுதுபவரும் அந்தத் திண்ணை வழக்குக்கு விலக்கானவர் அல்லர். எங்கள் குடும்பத்தில் ஒரு முழ அகலச் சந்துக்காக இரண்டு தலைமுறைகள் பேசாதிருந்தன.)

கழுகுமலையில் திருவுருவங்கள் பலவற்றின் அடியில் அவற்றைச் செய்வித்தவர் பெயர் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. இன்ன ஊரினர், இன்னார் மாணாக்கர், இன்னார் பொருட்டுச் செய்வித்தது என்ற விவரங்களை அங்கே காணலாம். பெயர் பொறிப்பதில் குற்றமில்லை. அப்பெயர்களால்தான் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய நம் முன்னோரை இன்று அறிகிறோம். இராஜபாளையத்து இல்லத்தில் நிலைமை வேறு. அதன் நூலகத்துக்கு ஏடு படிக்கப் போகிறவர்களும், அதன் அரங்கில் இசை கேட்கப் போகிறவர்களும் அதைக் காந்தி கலைமன்றம் என்றே அழைக்கிறார்கள். அது வீட்டுக்கு உரியவர் பெயரன்று. ஒருகாலத்தில் விருந்தினராக அந்த ஊருக்கு வந்து சென்றவரின் பெயர்.